மெய்நிகர் ஆய்வகம்: கருவி வந்தது, ஆசிரியருக்கு நேரம் வந்ததா?

வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்களில் புதிய கற்பித்தல் கருவி ஒன்று நுழையும்போதெல்லாம், ஆசிரியர்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கணினி வந்தபோது கேட்டார்கள். ஸ்மார்ட் போர்டு வந்தபோது கேட்டார்கள். இப்போது வி.ஆர். ஹெட்செட்டும், திரையில் தொட்டு இயக்கும் மெய்நிகர் ஆய்வகங்களும் வந்திருக்கின்றன, கேள்வி மாறவில்லை. வினாத்தாள் தயாரித்து, ஆசிரியரின் வயது, பாலினம், அனுபவம், மனப்பான்மை எல்லாவற்றையும் கேட்டு, புள்ளியியல் கணக்குப் போட்டு, 'ஆசிரியர்களின் தயார்நிலை போதவில்லை, பயிற்சி தேவை' என்று முடிக்கும் ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன.

ஆசிரியரின் மனத்தை இவ்வளவு ஆராயும் நாம், அவருடைய கால அட்டவணையை ஆராய்வதில்லை. அவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, பாடத்திட்டத்தை மாற்றும் உரிமை உண்டா, கருவி பழுதானால் யாரைக் கூப்பிடுவார், இதற்காக உழைத்தால் பதவி உயர்வில் என்ன கிடைக்கும் என்ற கேள்விகளில்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். இந்திய உயர்கல்வியை முதன்மைக் களமாகவும், ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றின் அனுபவத்தைத் துணையாகவும் வைத்து இதைப் பார்ப்போம்.

ஒளிபரப்பிலிருந்து ஊடாட்டத்துக்கு

கல்வியில் தொழில்நுட்பத்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இஸ்ரோ கொண்டுபோய்ச் சேர்த்தது. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்லூரிப் பாட நிகழ்ச்சிகள் தூர்தர்ஷனில் தொடங்கின. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. இவை அனைத்தும் ஒரு நல்ல ஆசிரியரின் குரலைப் பல இடங்களுக்குக் கொண்டுசெல்லும் முயற்சிகள். எதிர்முனையில் இருந்த ஆசிரியருக்குப் பெரிய வேலை இல்லை. பெட்டியை இயக்கினால் போதும், பாடம் ஓடிவிடும்.

ஊடாடும் தொழில்நுட்பம் அப்படிப்பட்டதல்ல. மாணவர் எதையாவது மாற்றிப் பார்த்தால்தான் திரையில் ஏதாவது நடக்கும். எதை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும், கிடைத்த விடையை எப்படிப் புரிந்துகொள்வது என்பவற்றை யாராவது ஒருவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் வகுப்பாசிரியர். ஒளிபரப்புக் காலத்துத் திட்டமிடலை அப்படியே வைத்துக்கொண்டு ஊடாட்டக் காலத்துக் கருவியை வாங்குவதால்தான் சிக்கல் தொடங்குகிறது. கருவிக்கு நிதி ஒதுக்குகிறோம். யோசிக்கும் நேரத்துக்கு ஒதுக்குவதில்லை.

சான்றுகள் என்ன சொல்கின்றன?

இங்கே இரண்டு தொழில்நுட்பங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. சாதாரணக் கணினியிலோ கைப்பேசியிலோ மாணவர் மதிப்புகளை மாற்றி விளைவைப் பார்க்கும் சிமுலேஷன்கள் ஒரு வகை. கண்ணையும் காதையும் முழுதாக மூடி, வேறோர் இடத்தில் இருக்கும் உணர்வைத் தரும் ஹெட்செட் வகை இன்னொன்று. முன்னது மலிவு, பின்னது விலை அதிகம். பணம் குறைந்த நாட்டுக்கு எது எப்போது பயன்படும் என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மாணவரைச் செயலில் ஈடுபடுத்திக் கற்பிப்பது பலன் தருகிறது என்பதில் இன்று பெரிய ஐயம் இல்லை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் வெளியிட்ட கட்டுரை, விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதம் என்றும், மாணவர் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம் என்றும் காட்டியது. சிமுலேஷன்களும் இந்த வரிசையில் வலுவாக நிற்கின்றன. இயற்பியலுக்கு 2001இல் நோபெல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்ற சிமுலேஷன் திட்டத்தைத் தொடங்கினார். அதன் மின்சுற்று சிமுலேஷனை வைத்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வின் முடிவு பலரை வியக்கவைத்தது. உண்மையான பல்பு, கம்பி, மீட்டர் கொண்டு பயின்ற மாணவர்களைவிட, திரையில் மட்டுமே சுற்றமைத்துப் பழகியவர்கள் கருத்துத் தெளிவில் முந்தினார்கள். உண்மையான சுற்றை அமைத்து விளக்கும்படி கேட்டபோதும் அவர்களே சிறப்பாகச் செய்தார்கள். உண்மையான கம்பிக்குள் கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தைத் திரை கண்ணுக்குக் காட்டியது ஒரு முக்கியக் காரணம்.

ஹெட்செட்டின் கதை இவ்வளவு நேரானதல்ல. குய்டோ மக்ரான்ஸ்கி, ரிச்சர்ட் மேயர் உள்ளிட்டோர் 52 பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உயிரியல் ஆய்வகப் பாடம் கணினித் திரையிலும் ஹெட்செட்டிலும் தரப்பட்டது. ஹெட்செட் அணிந்தவர்களுக்கு அங்கேயே இருப்பது போன்ற உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. மூளையலைப் பதிவுகளும் அவர்களுடைய மனச்சுமை அதிகம் என்றே காட்டின.

அதே வேளை, உடலும் கையும் பழக வேண்டிய இடங்களில் மெய்நிகர் பயிற்சி தன் மதிப்பை நிரூபித்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 16 அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர்களைக் கொண்டு நடந்து 2002இல் வெளியான ஆய்வில், மெய்நிகர்ப் பயிற்சி பெற்றவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையையோ பக்கத்துத் திசுவையோ காயப்படுத்தும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. தன்பாத் ஐ.ஐ.டி.யில் சுரங்கப் பயிற்சிக்கென மெய்நிகர் ஆய்வகம் அமைந்ததும், வெல்டிங்குக்கும் பெயின்டிங்குக்கும் சிமுலேட்டர்கள் உருவாகியிருப்பதும் இதே நியாயத்தில்தான். தவறு நேர்ந்தால் உயிர் போகும் இடம், பொருள் வீணாகும் இடம், நேரில் போக முடியாத இடம் ஆகியவற்றுக்கு ஹெட்செட் தகும். ஓமின் விதியைப் புரிந்துகொள்ள அது தேவையில்லை. ஒரு கைப்பேசி போதும்.

கருவி தானாகக் கற்பிப்பதில்லை. எந்தப் பாடத்துக்கு எது பொருந்தும் என்ற தேர்வில்தான் பலன் இருக்கிறது. அந்தத் தேர்வைச் செய்யக்கூடியவர் பாடம் தெரிந்த, மாணவரைத் தெரிந்த ஆசிரியர். புனியா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் முன்வைத்த கோட்பாடும் இதையே சொல்கிறது: பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஒருவரிடமே சந்திக்க வேண்டும். ஒரு நாள் பயிலரங்கில் கிடைப்பது மூன்றாவது மட்டுமே.

இந்தியாவின் மெய்நிகர் ஆய்வகங்கள்

2009இல் தொடங்கிய தகவல் தொடர்பு வழிக் கல்விக்கான தேசிய இயக்கத்தின் கீழ், மெய்நிகர் ஆய்வகத் திட்டம் உருவானது. டெல்லி ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்க, சென்னை, பம்பாய், கான்பூர், காரக்பூர் உள்ளிட்ட ஐ.ஐ.டி.கள், ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி., அம்ரிதா பல்கலைக்கழகம், சூரத்கல் என்.ஐ.டி. என 12 நிறுவனங்கள் சேர்ந்து பொறியியலுக்கும் அறிவியலுக்கும் சோதனைகளை உருவாக்கின. கட்டணம் இல்லை. இணையம் இருந்தால் எந்த ஊர்க் கல்லூரியும் பயன்படுத்தலாம். 2021-22 கணக்குப்படி ஏறத்தாழ 4.33 கோடி மாணவர்களும் 16 லட்சம் ஆசிரியர்களும் கொண்ட, கல்லூரிகளில் பாதிக்கும் மேல் கிராமப்புறத்தில் இருக்கும் உயர்கல்வி அமைப்புக்கு இது பொருத்தமான கற்பனை. விலையுயர்ந்த கருவிகளை எல்லாக் கல்லூரியும் வாங்க முடியாது. வாங்கியதையும் மாணவர் கைபடாமல் பூட்டிவைக்கும் வழக்கமும் நமக்குத் தெரியும்.

இந்தத் தளத்தில் ஒரு சோதனையைத் திறந்தால் நோக்கம், கோட்பாடு, முன்தேர்வு, செய்முறை, சிமுலேஷன், பின்தேர்வு எனப் படிகள் வரிசையாக இருக்கும். நம் ஆய்வக ரெக்கார்டு நோட்டின் அமைப்புக்கு இது மிக நெருங்கியது. அதனால் ஆசிரியருக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அந்த நெருக்கத்திலேயே ஓர் ஆபத்தும் உண்டு. ரெக்கார்டு நோட்டு எழுதும் பழக்கத்தோடு மாணவர் இதற்குள் போனால், செய்முறையை வரிக்கு வரி பின்பற்றி, அளவீட்டைக் குறித்து, அட்டவணையை நிரப்பி, வெளியே வந்துவிடுவார். திரை மாறியிருக்கும், கற்றல் மாறியிருக்காது.

இதே வேலையை வேறு விதமாகவும் செய்யலாம். முதலாண்டு மின்சுற்று வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிமுலேஷனைத் திறக்கும் முன்பே ஆசிரியர் கேட்கிறார்: "ஒரே மாதிரி ரெண்டு பல்பைத் தொடரா இணைக்கிறோம். எது பிரகாசமா எரியும்? முதல்ல நோட்டுல எழுதுங்க, அப்புறம்தான் தொடணும்." கணிசமான மாணவர்கள் முதல் பல்பு என்று எழுதுவார்கள். மின்னோட்டத்தின் ஒரு பகுதியை முதல் பல்பு தின்றுவிடுகிறது, மிச்சம்தான் இரண்டாவதற்குப் போகிறது என்ற எண்ணம் உலகெங்கும் மாணவரிடம் காணப்படுவது. இயற்பியல் கல்வி ஆய்வாளர்கள் நன்கறிந்த பிழை இது. பிறகு சுற்றை இணைக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவில் எரிகின்றன. மின்னூட்டங்கள் கம்பி முழுதும் ஒரே வேகத்தில் நகர்வது திரையில் தெரிகிறது. எழுதிவைத்த தவறான விடை கண்முன் இருக்கிறது. "அப்ப மின்னோட்டம் செலவாகலைன்னா, பேட்டரி ஏன் தீருது?" என்று அடுத்த கேள்வி வருகிறது. மின்னோட்டத்துக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடு அந்த வகுப்பில் பிறக்கிறது.

சிமுலேஷன் இரண்டு வகுப்பிலும் ஒன்றுதான். வேறுபாட்டை உண்டாக்கியது ஆசிரியரின் முன்கேள்வி. அந்த ஒரு கேள்வியைக் கண்டெடுக்க, மாணவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். சிமுலேஷனைத் தானே பலமுறை இயக்கிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மாலை நேரமாவது வேண்டும். இங்கே மொழியின் பங்கையும் சொல்லியாக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனால் மெய்நிகர் ஆய்வகங்களின் விளக்கமும் கேள்விகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. மாணவர் தமிழில் வாதிட, திரை ஆங்கிலத்தில் பேச, நடுவில் நின்று இணைக்கும் வேலையும் ஆசிரியருடையதே.

ஐம்பது நிமிடங்களில் பத்து ஹெட்செட்

இனி ஹெட்செட் வகுப்புக்கு வருவோம். ஒரு பொறியியல் கல்லூரித் துறை பத்து ஹெட்செட் வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 60 பேர். பீரியட் 50 நிமிடம். வருகைப்பதிவுக்கும் அறிமுகத்துக்கும் ஐந்து நிமிடம் போக 45 மிச்சம். பத்துப் பத்துப் பேராக ஆறு சுற்று. ஒரு சுற்றுக்கு ஏழரை நிமிடம். அந்த ஏழரை நிமிடத்துக்குள் முந்தையவர் கழற்ற வேண்டும், முகம் படும் பகுதியைத் துடைக்க வேண்டும், கண்ணாடி போட்டவருக்கு இடைவெளி சரிசெய்ய வேண்டும், பட்டையை இறுக்க வேண்டும், பாடத்தைத் தொடக்கத்திலிருந்து திறக்க வேண்டும். பார்ப்பதற்கு மிஞ்சுவது நான்கைந்து நிமிடம். எந்த நேரத்திலும் 50 பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கருவி அப்டேட் கேட்கும், இன்னொன்றில் சார்ஜ் இருக்காது, ஒருவருக்குத் தலைசுற்றும். மாணவர் என்ன பார்க்கிறார் என்று ஆசிரியருக்குத் தெரிய அந்தக் காட்சியைத் திரைக்கு அனுப்ப வேண்டும். கல்லூரி வைஃபை அதற்கு இடம் கொடுக்காது. இரண்டு முறை இப்படி நடந்த பிறகு கருவிகள் பெட்டிக்குள் போய்விட்டால் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. போர்ஷனை முடிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது.

இதே பத்து ஹெட்செட்டை ஆய்வக வேளைக்கு மாற்றிப் பாருங்கள். ஆய்வகத்தில் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பேட்சுக்கு 30 பேர், மூன்று மணி நேரம். பத்துப் பேர் ஹெட்செட்டிலும், பத்துப் பேர் உண்மைக் கருவியிலும், பத்துப் பேர் கணக்கீட்டிலும் உட்கார்ந்து, மணிக்கொரு முறை இடம் மாறினால் ஒவ்வொருவருக்கும் நிறைவான நேரம் கிடைக்கும். யாரும் காத்திருக்க வேண்டாம். கூடுதலாக வேண்டியது கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு லேப் அசிஸ்டென்ட் மட்டுமே. மாறியது ஆசிரியரின் மனப்பான்மையல்ல, கால அட்டவணை. ஆனால் கால அட்டவணையை மாற்றும் அதிகாரம் பெரும்பாலான ஆசிரியர்களிடம் இல்லை. பல்கலைக்கழகம் வகுத்த சோதனைப் பட்டியலில் இல்லாத ஒன்றை ஆய்வக வேளையில் செய்யும் துணிவை, இணைப்புக் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பட்டியலில் இருப்பதைத்தான் கேட்பார்.

ஏற்பு ஆய்வுகள் அளப்பதும் அளக்காததும்

தொழில்நுட்ப ஏற்பைப் பற்றிய ஆய்வுகள் இரண்டு மூலங்களிலிருந்து கிளைத்தவை. ஃப்ரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த மாதிரி, ஒரு கருவி பயனுள்ளது, எளிது என்று மக்கள் கருதினால் பயன்படுத்துவார்கள் என்றது. விஸ்வநாத் வெங்கடேஷும் வேறு மூவரும் 2003இல் அதையும் பிற மாதிரிகளையும் இணைத்து, எதிர்பார்க்கும் பலன், தேவைப்படும் உழைப்பு, சுற்றியிருப்போரின் கருத்து, துணைச்சூழல் என நான்கு காரணிகளை வகுத்தார்கள். இன்றுவரை ஆசிரியர்களைப் பற்றிய ஆய்வுகளில் எடுத்தாளப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரிகள்தான்.

வெங்கடேஷ் குழுவின் 2003 கட்டுரையிலேயே, நம் விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு முடிவு இருக்கிறது. முதல் மூன்று காரணிகள் பயன்படுத்தும் எண்ணத்தைத் தீர்மானிக்கின்றன. நான்காவதான துணைச்சூழல், எண்ணத்தைக் கடந்து நேரடியாகப் பயன்பாட்டைத் தீர்மானிக்கிறது. விரும்புகிறாரா என்பது ஒன்று, செய்ய முடிகிறதா என்பது வேறொன்று. வளரும் நாடுகளில் நடக்கும் பெரும்பாலான ஆய்வுகள் எண்ணத்தை மட்டும் கேட்டு நின்றுவிடுகின்றன. லத்தீன் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் ஸ்பெயின் ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வுகளில், மெய்நிகர் தொழில்நுட்பத்தின் பயனை ஆசிரியர்கள் உயர்வாகவே மதிப்பிட்டார்கள். தங்கள் டிஜிட்டல் திறனைத்தான் குறைவாக மதிப்பிட்டார்கள். விருப்பத்துக்குப் பஞ்சமில்லை.

இன்னொரு குறையும் உண்டு. வெங்கடேஷ் குழுவின் மாதிரி உருவானது நிறுவன ஊழியர்களிடம் திரட்டிய தகவலிலிருந்து. நிறுவனம் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தால், அதற்கான பயிற்சியும் நேரமும் உதவியாளரும் ஏதோ ஓர் அளவில் கூடவே வரும். கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்காண்டு நீட்டிப்புக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு இவை எதுவும் கிடையாது. அடுத்த ஆண்டு இதே கல்லூரியில் இருப்போமா என்று தெரியாதவரிடம், புதிய முறையில் பாடத்தை அமைக்கத் தயாரா என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்பது எந்த உண்மையையும் வெளிக்கொண்டுவராது. வயதும் பாலினமும் ஏற்பை எப்படிப் பாதிக்கின்றன என்ற கணக்குகளுக்கும் இதுவே பொருந்தும். ஆசிரியரின் வயதை எந்தக் கொள்கையாலும் மாற்ற முடியாது. அவருடைய வாராந்திரப் பணிச்சுமையை ஒரு சுற்றறிக்கையால் மாற்றலாம்.

பதவி உயர்வுக் கணக்கு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் நேரடி வகுப்பு. அதே விதிமுறைகளில், கற்பித்தல் பணி எப்படி மதிப்பிடப்படுகிறது என்று பார்த்தால் உண்மை புலப்படும். ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் 'நன்று'. 70க்கு மேல் 'நிறைவு'. எத்தனை வகுப்பு எடுத்தார் என்பதே அளவு. எப்படி எடுத்தார் என்பதற்கு இடமில்லை.

ஆய்வுக்கும் படைப்புக்கும் உள்ள புள்ளிப் பட்டியலில், அறிவியல் ஆசிரியர் வெளியிடும் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 8 புள்ளி, கலை, சமூக அறிவியல் துறையினருக்கு 10. புதுமையான கற்பித்தல் முறை ஒன்றை உருவாக்கினால் 5. ஒரு முழுப் பாடத்துக்கும் நான்கு கூறுகளோடு மின்பாடம் தயாரித்தால் 12. ஒரு முழுப் பாடத்தை டிஜிட்டலாக்க ஓர் ஆசிரியர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அது ஒன்றரைக் கட்டுரைக்குச் சமம். ஏற்கனவே உள்ள நல்ல மெய்நிகர் ஆய்வகத்தைத் தன் மாணவருக்கு ஏற்றபடி எடுத்து, கேள்விகள் வகுத்து, தமிழில் விளக்கி, ஒரு பருவம் முழுவதும் திறம்பட நடத்தினால் அந்தப் பட்டியலில் அதற்கென்று தனி வரியே இல்லை. உருவாக்கினால் சிறிது கிடைக்கும். பயன்படுத்தினால் எதுவும் கிடையாது. நாடு முழுவதுக்கும் ஒரே சிமுலேஷன் போதுமானது. அதை ஆயிரம் வகுப்புகளில் நன்றாகப் பயன்படுத்தும் ஆயிரம் ஆசிரியர்கள்தான் தேவை. நமது ஊக்க முறை இதற்கு நேர்மாறான திசையில் இழுக்கிறது.

கருவியின் ஆயுள், பாடத்தின் ஆயுள்

ஆசிரியரின் தயக்கத்துக்கு இன்னொரு நியாயமான காரணம், இந்தத் தொழில்நுட்பங்கள் வந்த வேகத்திலேயே மறைவது. அடோபி ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டபோது, அதில் எழுதப்பட்ட கல்விச் சிமுலேஷன்கள் ஏராளமானவை உலகெங்கும் ஒரே நேரத்தில் இயங்காமல் போயின. புதிய தொழில்நுட்பத்துக்கு மாற்றி எழுத ஆளும் பணமும் இருந்தவை பிழைத்தன. கூகுள் 2014இல் அட்டைப் பெட்டியில் கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் மலிவான வழியைக் காட்டியது. அதை ஒட்டிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த எக்ஸ்பெடிஷன்ஸ் செயலியை 2021இல் மூடியது. குவெஸ்ட் 2 ஹெட்செட் 2020இல் வந்தபோது ஃபேஸ்புக் கணக்கு இல்லாமல் அதைத் திறக்கவே முடியாது. இரண்டு ஆண்டுக்குப் பிறகுதான் அந்தக் கட்டாயம் நீங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பை 2024இல் நிறுத்தியது.

கரும்பலகைக் குறிப்பைப் பத்தாண்டு மெருகேற்றிப் பயன்படுத்தும் ஆசிரியரிடம், மூன்றாண்டில் மறையக்கூடிய தளத்தில் பாடம் அமைக்கச் சொல்கிறோம். அவர் தயங்குவதைப் பிற்போக்கு என்பது தவறு. வசதியுள்ள நாடுகளில் பழைய கருவியைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவார்கள். நம் கல்லூரியில் சரக்குப் பதிவேட்டில் ஏறிய பொருளைக் கழிப்பதற்கே பல கையெழுத்து வேண்டும்.

இலே-இஃபேயும் லுசாக்காவும் தரும் பாடம்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெசூஸ் தெல் அலமோ 1998இல் தொடங்கிய இணையவழி நுண்மின்னணு ஆய்வகத்திலிருந்து வளர்ந்தது 'ஐலேப்' திட்டம். தூரத்தில் இருக்கும் உண்மையான கருவியை மாணவர் இணையம் வழியாக இயக்கலாம். கார்னெகி அறக்கட்டளையின் உதவியோடு இது நைஜீரியாவின் இலே-இஃபேயில் உள்ள ஒபாஃபெமி அவொலொவோ பல்கலைக்கழகத்துக்கும், உகாண்டாவின் கம்பாலாவில் உள்ள மகெரெரே பல்கலைக்கழகத்துக்கும், தான்சானியாவின் தார் எஸ் ஸலாம் பல்கலைக்கழகத்துக்கும் விரிந்தது. மாசசூசெட்ஸில் இருக்கும் கருவியை மெதுவான இணைப்பில் இயக்குவது ஆப்பிரிக்க மாணவருக்கு எளிதாக இல்லை. அந்தக் கருவியின் சோதனைகள் அவர்களுடைய பாடத்திட்டத்தோடு முழுதும் பொருந்தவுமில்லை. இலே-இஃபே ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் வளாகத்திலேயே செயல்பெருக்கிச் சுற்றுகளுக்கான தொலை ஆய்வகத்தைத் தாங்களே அமைத்தார்கள். கம்பாலாவிலும் அப்படியே உள்ளூர் ஆய்வகங்கள் உருவாயின. பயனாளராக அழைக்கப்பட்டவர்கள் படைப்பாளர்களாக மாறியதால், எந்தச் சோதனை முதலில் வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களிடம் வந்தது.

ஸாம்பியாவின் லுசாக்காவில் வேறொரு தேவை. கருப்பைவாய்ப் புற்றுநோய் மிகுந்த அந்நாட்டில், அதற்கான அறுவை சிகிச்சை தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவின் தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸாம்பிய மருத்துவர்களோடு சேர்ந்து, கடையில் கிடைக்கும் மலிவான ஹெட்செட்டில் அந்தச் சிகிச்சையின் படிகளைத் திரும்பத் திரும்பப் பழகும் பயிற்சியை உருவாக்கினார்கள். இங்கே முதலில் வந்தது நோய், அடுத்து, பயிற்றுநர் பற்றாக்குறை, கடைசியில்தான் கருவி. நம் நிறுவனங்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. கருவியை வாங்கிவிட்டு, இதை எந்தப் பாடத்துக்குப் பயன்படுத்தலாம் என்று துறைகளுக்குச் சுற்றறிக்கை போகிறது.

செய்ய வேண்டியவை

வாங்கும் முடிவில் அதைப் பயன்படுத்தப்போகும் ஆசிரியருக்கு இடம் வேண்டும். எந்தப் பாடத்தில், எந்த அலகில், எந்தச் சிக்கலுக்கு என்று ஒரு பக்கம் எழுதித் தராமல் எந்தத் துறையும் ஹெட்செட் வாங்கக் கூடாது.

சிமுலேஷன் முதலில், ஹெட்செட் பிறகு என்ற வரிசை பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பொருந்தும். மருத்துவம், செவிலியம், சுரங்கம், கட்டுமானம், வெல்டிங் போன்ற துறைகளுக்கு விதிவிலக்கு கொடுக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணன் வழிநடத்தும் அனுபவத் தொழில்நுட்ப மையம் போன்றவை, தொட்டுணர்வுக் கருவிகளை உள்நாட்டிலேயே உருவாக்கும் திறன் நமக்கு இருப்பதைக் காட்டுகின்றன. அந்தத் திறனைப் பக்கத்து மாவட்டக் கல்லூரிகளோடு இணைக்க வேண்டும்.

புதிய முறையில் பாடம் நடத்தும் முதல் பருவத்தில் ஆசிரியருக்கு வாரம் இரண்டு மணி நேரமாவது வகுப்புச் சுமை குறைய வேண்டும். ஒரே பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் கல்லூரி எல்லை கடந்து கூடி, பருவத்துக்கு ஓரிரு சோதனைகளுக்கு மட்டும் முன்கேள்வி, தமிழ் விளக்கம், மதிப்பீடு ஆகியவற்றைத் தயாரித்துப் பகிர்ந்தால், சில ஆண்டுகளில் முழுப் பாடத்திட்டமும் கைக்கு வந்துவிடும். பதவி உயர்வுப் பட்டியலில், உருவாக்கியதற்கு மட்டுமன்றிப் பயன்படுத்தி நிரூபித்ததற்கும் புள்ளி வேண்டும். செய்முறைத் தேர்வில், பட்டியலில் உள்ள சோதனைகளில் ஒரு பகுதியை ஆசிரியர் தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும்.

எந்த உலாவியிலும் இயங்கும் திறந்த வடிவத்தில் உள்ள பாடங்களுக்கே பொதுப்பணம் செலவிடப்பட வேண்டும். ஒரு நிறுவனம் கடையை மூடினால் நம் பாடமும் மூடப்படக் கூடாது.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியரின் எண்ணத்தைக் கேட்கும் வினாத்தாளோடு நிற்காமல், வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை முறை கருவி திறந்தது, எங்கே நின்றது, யார் வந்து சரிசெய்தார், மாணவர் என்ன கேட்டார் என்று எழுதுங்கள். அப்படிப்பட்ட பத்து ஆய்வுகள், தயார்நிலையை அளக்கும் நூறு ஆய்வுகளைவிடக் கொள்கை வகுப்போருக்கு உதவும்.

வளரும் நாட்டு ஆசிரியர் தொழில்நுட்பத்துக்கு அஞ்சுபவர் என்ற படிமத்தை 2020இன் பெருந்தொற்றுக் காலமே பொய்யாக்கிவிட்டது. தாங்கியில்லாத கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து, சொந்தச் செலவில் டேட்டா போட்டு, இரவில் வீடியோ பதிவுசெய்து பாடம் நடத்தியவர்கள் இவர்கள்தான். கட்டாயம் வந்தபோது, உதவி ஏதும் இல்லாமலே கற்றுக்கொண்டார்கள். அவர்கள் தயாரா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. இனி விடை சொல்ல வேண்டியவை பல்கலைக்கழகங்களும் மானியக் குழுவும் அரசுகளும்: ஒரு ஹெட்செட்டின் விலையைக் கொடுக்கத் தயாராக இருக்கும் நீங்கள், அதை அர்த்தமுள்ளதாக்கும் ஆசிரியரின் இரண்டு மணி நேரத்தையும் கொடுக்கத் தயாரா?